கைகளுக்குச் சத்தமில்லை

ஷ்குர்தே மோரினாவைச் சற்று வெளியே இருக்கச் சொன்னார்கள்.
மரியாதையாகத்தான் சொன்னார்கள்.
குடியுரிமை கேட்டவர் எதிரில் இருக்கும்போது
கை தூக்குவது முறையல்லவாம்.

கூடத்தின் நூற்றிருபது நாற்காலிகளையும்
மத்தியானம் வரிசை போட்டவள் அவள்தான்.
எதன் கால் ஆடும்,
எதற்கு அட்டை மடித்துச் செருக வேண்டும்
எல்லாம் தெரியும்.
இப்போது தாழ்வாரத்தில்
கோட்டு மாட்டும் கொக்கிகளுக்குக் கீழே
ஊராரின் ஈரக் கம்பளி வாசனையில் நிற்கிறாள்.

கொசோவோவிலிருந்து ஒரு பையோடு வந்து
இருபத்துமூன்று வருஷம்.
எந்தக் கூரையின் பனி
முதலில் சரியும் என்று சொல்வாள்.
மலை அதற்குச் சாட்சி சொல்ல வராது.
மலை பூமியோடு சேர்ந்தது.
பூமி யாரையும் சுமக்கும், கேள்வியில்லாமல்.
உலகம் வேறு.
உலகம் இந்தக் கதவுக்கு அந்தப் பக்கம்
தொண்டையைச் செருமிக்கொண்டிருக்கிறது.

உள்ளே ஊர்த்தலைவர் ஃப்ரிடோலின் ஷீஸர்.
இந்த ஊரில் வாக்குப்பெட்டி இல்லை.
எண்ணும் வழக்கமும் இல்லை.
கைகள் எழும். அவர் பார்ப்பார்.
ஓவியத்துக்கு முன் நின்று
நீலம் கொஞ்சம் தூக்கல் என்பதுபோல
இந்தப் பக்கம் அதிகம் என்பார்.
அது சட்டமாகிவிடும்.
நிரூபிக்க முடியாது அவரால்.
நீங்களும் பாருங்கள், உங்களுக்கும் அப்படித்தானே
என்றுதான் கேட்க முடியும்.

பார் என்றால்
கண்ணைத் திற என்றும் உலகம் என்றும்
ஒரே சொல்லில் வைத்திருக்கிறது என் மொழி.
இரண்டும் ஒன்றுதான் என்று
இவ்வளவு நாள் நினைத்ததில்லை.

கைகள் எழுகின்றன.
மிருக வைத்தியர் ஊர்சினாவின் கை,
பதினெட்டு முடிந்து பதினோரு நாளான
ஒரு பையனின் கை, தேவைக்கு மேல் உயரமாக.
ரொட்டிக்கடை வெரேனாவுக்குத் தோள் இறுகி இரண்டு வருஷம்.
கை காதுவரைதான் வரும்.
சம்மதமா, கம்மலைத் திருகுகிறாளா?
வால்டர் டூர்ஸ்ட் தூக்கவில்லை.
அவர் மனைவியின் கடைசி நான்கு மாதம்
படுக்கைத் துணி மாற்றியவள் ஷ்குர்தே.
அவர் தரையைப் பார்க்கிறார்.
தரை பளபளக்கிறது.
அதையும் அவள்தான் துடைத்தாள்.

வெளியே ஒன்றும் கேட்கவில்லை.
கதவில் காதை வைத்தாலும்
கை எழுவதற்குச் சத்தமில்லை.
ஒரு நாற்காலி மட்டும் முனகுகிறது.
மூன்றாம் வரிசை, இடது ஓரம்.
அட்டை நழுவியிருக்கிறது.
யாரோ அசைந்திருக்கிறார்கள்,
அவளுக்காகவோ அவளுக்கு எதிராகவோ.
அது நாற்காலிக்குத் தெரியாது.

ஃப்ரிடோலினின் வலது கண்ணில் புரை.
மனைவிக்கு மட்டும் தெரிந்த விஷயம்.
முன்வரிசைக் கைகள் கைகளாகவே இருக்கின்றன.
பின்னால் மூட்டம்.
பின்சுவர் முழுக்க வேட்டைக் கழகம் மாட்டிய மான்கொம்புகள்.
எது கொம்பு, எது விரல்?
செத்த மான்களும் வாக்களிக்கும் சபை என்று
பேர் வந்துவிடக் கூடாதே.

"இன்னொரு முறை" என்கிறார்.
அதற்கு அவருக்கு உரிமை உண்டு.

கைகள் இறங்குகின்றன.
மறுபடி எழுகின்றன, அதே கைகள் இல்லை.
ஒன்றிரண்டு இப்போது பக்கத்தைப் பார்த்துவிட்டு எழுகின்றன.
ஒன்று பாதியில் நிற்கிறது.
ஞாலம் என்றால் தொங்குவது
என்கிறது என்னிடமுள்ள பழைய அகராதி.
சரியோ தப்போ,
இந்த ஒரு நிமிஷம்
அது மர உத்தரத்துக்கும் தலைகளுக்கும் நடுவே
முழங்கைகளில் தொங்குகிறது.
வெரேனாவுக்கு வலிக்கிறது. கீழே விடவில்லை.
பல்லைக் கடித்திருக்கிறாள்.
கம்மல் இல்லை, இப்போது யாருக்கும் சந்தேகமில்லை.

வால்டர் இன்னும் தரையைப் பார்க்கிறார்.

தலைவர் இடது கண்ணைச் சுருக்குகிறார்,
வாயைத் திறக்கிறார்.

தாழ்வாரத்தில்
யாருடையதோ ஒரு கோட்டு கொக்கி நழுவி விழுகிறது.
குனிந்து எடுக்கிறாள், தட்டுகிறாள்.
மாட்டுவதற்காக
ஷ்குர்தேயின் வலது கை
தலைக்கு மேலே, நன்றாக, நேராக எழுகிறது.

அங்கே பார்க்க ஆளில்லை.